வாயில் வைக்கிற மாதிரி ஒரு பழம்

இலையுதிர் காலம் நெருங்கினாலே அவளுக்கு நாக்கு கூச ஆரம்பித்துவிடும். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் நின்றபடியே ஈரவிரிப்புகளை இஸ்திரி உருளைக்குள் தள்ளிவிட்டு, வீங்கிய காலோடு வீடு வந்து சேருவாள். செருப்பைக் கழற்றுவதற்குள் சமையலறை மேசையில் தட்டும் கத்தியும் தயாராக இருக்கும். தட்டில் மஞ்சள் மஞ்சளாக இரண்டு மூன்று சிறிய பழங்கள். எதிரே, பஸ் ஓட்டுநர் சீருடையைக்கூட மாற்றாமல் அவள் கணவர்.

“கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்.”

“மூஞ்சியாவது கழுவிட்டு வரேன்.”

“கழுவிக்கோ. சோப்பு போடாத. அந்த வாசனை குழப்பும்.”

ஒரு சுளையை வாயில் போடுவாள். முதலில் கண்ணைச் சுருக்க வைக்கும் புளிப்பு. பின்னாலேயே தொண்டைவரை இறங்கும் கசப்பு. எல்லாவற்றுக்கும் கடைசியில் அந்த வாடை, மண்ணெண்ணெயில் எதையோ ஊறவைத்து மூக்குக்குள் திணித்தது போல. எழுந்துபோய்த் துப்பிவிட்டு வாய் கொப்பளித்து வருவாள்.

“அதேதான்.”

“போன வருஷம் அளவுக்கா? இல்ல, குறைச்சலா?”

“போன வருஷம் மண்ணெண்ணெய். இது வார்னிஷ்.”

அவர் ஏதோ பெரிய தகவல் கிடைத்துவிட்டது போலத் தலையாட்டிக்கொண்டு எழுந்துபோவார். அந்த மரத்தின் கிளையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவார். சிவப்பு என்றால் வெட்டு.

இந்த வேலை அவள் தலையில் விழுந்ததற்குக் காரணம் அவருடைய மூக்கு. மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவருக்கு வந்த ஒரு விஷக்காய்ச்சல், போகும்போது மோப்பத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இனிப்பு, புளிப்பு, கசப்பு மூன்றும் நாக்குக்குத் தெரியும். வாசனை என்பது மட்டும் அறவே இல்லை. அடுப்பில் பால் தீய்ந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். கெட்ட வாடையே தெரியாத மனுஷன், கெட்ட வாடையில்லாத பழத்தை உண்டாக்கக் கிளம்பினார் என்பதுதான் வேடிக்கை.

பஸ் பணிமனையின் பின்சுவரை ஒட்டி முள்வேலி ஒன்று இருந்தது. விரல் நீள முள், ஒவ்வொரு காம்பிலும் மூன்று இலை. பனி கொட்டி வண்டிகளே கிளம்பாத ஒரு வாரத்தில், இலையெல்லாம் உதிர்ந்த அந்த வேலியில் சின்னச் சின்ன மஞ்சள் பழங்கள் தொங்குவதைப் பார்த்தார். முள் ஆரஞ்சு என்று யாரோ சொன்னார்கள். வாயில் வைக்க முடியாத பழம். ஆனால் எந்தக் குளிருக்கும் அசையாத மரம். வீட்டில் ஜன்னலோரத் தொட்டியில் ஒரு கமலா ஆரஞ்சு இருந்தது. பழம் தேனாக இருக்கும். வெளியே ஒரு ராத்திரி வைத்தால் செத்துவிடும். இரண்டையும் கலந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தோன்றியது அன்றோடு போயிருக்கலாம் என்று அவள் பல வருஷம் நினைத்துக்கொண்டாள்.

வசந்தத்தில் கமலாவின் மொட்டு விரியும் முன்பே அதைப் பிரித்து, உள்ளே இருக்கும் மகரந்தக் காம்புகளைக் கிள்ளி எறிவார். வேலியிலிருந்து காகிதப் பொட்டலத்தில் கொண்டுவந்த மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் தடவி, பூவுக்கு ஒரு சின்னப் பை மாட்டுவார். அந்தப் பழத்தின் விதைகளை ஊன்றினால் பெரும்பாலானவை அம்மாவை அப்படியே உரித்துவைத்தது போல ஒற்றை இலையோடு முளைக்கும். அவற்றைப் பிடுங்கிப் போட்டுவிடுவார். ஒன்றிரண்டுதான் மூன்றிலையோடு வரும். அவைதான் இரண்டுக்கும் பிறந்தவை. அவை வளர்ந்து காய்க்க ஆறேழு வருஷம். காய்த்ததும் அவள் துப்புவாள். அவற்றில் கொஞ்சம் தேவலாம் என்றிருந்ததன் பூவை மறுபடியும் கமலாவோடு சேர்த்து, மறுபடியும் விதை, மறுபடியும் ஆறேழு வருஷம்.

குளிர்காலத்தில் இளங்கன்றுகள் எல்லாம் வீட்டுக்குள் வந்துவிடும். கூடத்தில் தொட்டி, மாடிப்படியில் தொட்டி, படுக்கையறையில் அவள் பக்கத்தில் தொட்டி. புரண்டு படுத்தால் முள் கீறும். சலவைக்கூடத்தில் அவளுடைய முழங்கையைப் பார்த்து ஒருத்தி, “வீட்ல பூனை வளர்க்கிறீங்களாக்கா?” என்று கேட்டாள். “பூனையா இருந்தா எலியாவது பிடிக்கும்” என்றாள் இவள்.

வளர்ந்த மரங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. கொல்லையில் வெட்டவெளியில் நிற்க வேண்டும், ஒரு கோணியைக்கூடப் போர்த்தமாட்டார். “போர்த்தி வளர்த்தா அது கடைல கிடைக்கிற ஆரஞ்சுதான். அதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு?” என்பார். பிழைத்ததெல்லாம் நாறும். நாறாதது எதுவும் பிழைக்காது. இப்படியே வருஷங்கள் ஓடின. மகள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். தட்டும் கத்தியும் மட்டும் மேசையைவிட்டுப் போகவில்லை. ஒருநாள் யோசித்துப் பார்த்தபோது, இந்தப் பழங்களைத் தவிர அவரிடம் வேறு எதைப் பேசி எத்தனை நாளாயிற்று என்பது அவளுக்கே நினைவில்லை.

ஒரு சாயங்காலம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு வந்தாள். வாயில் பஞ்சு, பாதி முகம் மரத்துப் போயிருந்தது. மேசையில் தட்டு இருந்தது.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பழத்தைப் பார்த்தார். “மரக்காத பக்கம் வெச்சுப் பாரேன்” என்றார்.

அவள் சண்டை போடவில்லை. பஞ்சைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். “இனிமே இது என்னால ஆகாதுங்க. வேற யாரையாவது பாத்துக்கோங்க.”

சொன்னதோடு சரி. தட்டை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

அவர் மாடியில் குடியிருந்த தம்பியைப் பிடித்தார். தம்பி முடிதிருத்துபவர். வருகிறவர்கள் தலையைப் பார்த்து நல்லாயிருக்கு என்று சொல்லிச் சொல்லியே பிழைப்பை ஓட்டியவர். முதல் பழத்தைத் தின்றுவிட்டு, கண்ணில் தண்ணீர் நிற்க, “நல்லாத்தாண்ணே இருக்கு” என்றார். இரண்டாவதும் நல்லாத்தான் இருந்தது. மூன்றாவதும். அதற்கப்புறம் அண்ணன் படியேறும் சத்தம் கேட்டாலே கடைக்குக் கிளம்பிவிடுவார். ஒருநாள் வாசலில் அவளைப் பார்த்து, “அண்ணி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்த வேலைய நீங்களே பாத்துக்கோங்க” என்று கெஞ்சினார்.

“பல்லு போச்சு தம்பி” என்றாள் அவள். “மிச்சத்தையாவது காப்பாத்திக்கணும்.”

சிவப்புத் துணி கட்டச் சொல்ல ஆளில்லாமல், இரண்டு வருஷம் ஒரு மரத்தைக்கூட அவர் வெட்டவில்லை. கொல்லை மொத்தமும் முள்ளாகிவிட்டது. துணி காயப்போடப் போனால் சட்டை கிழிந்தது.

பிறகு அந்தக் குளிர்காலம் வந்தது. தண்ணீர்க் குழாய் வெடித்தது. பஸ்கள் நாள் கணக்கில் ஓடவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால் கொல்லையில் இலைகளெல்லாம் சுருண்டு, பழுப்பேறி, வறுத்தது போலத் தொங்கின. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். போர்த்த வேண்டாம் என்ற தன் பேச்சை அப்போதும் மீறவில்லை. எல்லாம் தொலையட்டும், கொல்லையாவது மிஞ்சும் என்று அவள் உள்ளுக்குள் நினைத்திருந்தாள் என்பது உண்மை. பனி உருகிய பிறகு அவர் ஒவ்வொரு மரமாகப் போய்க் குனிந்து, நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தார். கீறிய இடமெல்லாம் காய்ந்த விறகு. அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கு, நினைத்தது நடந்துவிட்ட நிம்மதி மட்டும் வரவில்லை.

குளியலறைச் சுவரை ஒட்டி, கழிவுநீர்க் குழாய்க்குப் பக்கத்தில், யாரும் கவனிக்காத ஒரு நோஞ்சான் மரம் இருந்தது. இரண்டாவது முறை கமலாவோடு கலந்ததில் வந்தது. அதைக் கீறியபோது பச்சை தெரிந்தது. அவர் நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். மூட்டு பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லை என்பது, அவள் போய்க் கைகொடுத்தபோதுதான் தெரிந்தது.

அது மறு வருஷம் பூத்து, இலையுதிர் காலத்தில் பழுத்தது. அவர் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் வேலை முடிந்து வந்தவள், சமையலறைக் கழுவுதொட்டிக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றவரைப் பார்த்தாள். பழத்தை அறுத்து, நாக்கில் தேய்த்து, கண்ணை மூடி, ஆழமாக மூச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி இழுத்தார். வாசலில் அவள் நிற்பதைக் கண்டதும், திருடிப் பிடிபட்டவர் போலக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“இனிப்பு இருக்கு” என்றார். “கசப்பு ரொம்பக் குறைச்சல். மத்தது எனக்கு எங்க தெரியுது.”

அவள் பையை வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுமே எழுந்திருக்க வேண்டுமே என்ற அலுப்பு வந்தது. கையை நீட்டினாள்.

“குடுங்க.”

“வேண்டாம். நீதான் ஆகாதுன்னியே.”

“குடுங்கன்னா.”

மென்றாள். புளிப்பு வந்தது, கூடவே இனிப்பும் வந்தது. தொண்டையில் கசப்பு லேசாகத் தட்டிவிட்டுப் போனது. அந்த வாடைக்காகக் காத்திருந்தாள். விழுங்கிய பிறகுதான், வெகுதூரத்தில் யாரோ பெயிண்ட் டப்பாவைத் திறந்தது போல மெல்ல வந்து, நிற்காமல் போய்விட்டது.

“திங்கலாம்” என்றாள்.

“திங்கலாம்னா?”

“திங்கலாம்னா திங்கலாம்தான். பிரமாதம்னு சொல்லமாட்டேன். கடைசில ஒரு வாடை இருக்கு. துப்பத் தோணல.”

அவர் எதிரே உட்கார்ந்தார். அவள் பேச்சுவாக்கில் இன்னொரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் கேட்காமலே அவளாக எடுத்த முதல் சுளை அது. அவர் கண் கலங்கியது. அவள் பார்க்காதது போல விதைகளைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள்.

“பல்லு பிடுங்கிட்டு வந்த அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றார்.

“இப்பதான் ஞாபகம் வந்துச்சாக்கும்.”

“அன்னிக்கே வந்துச்சு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

கொஞ்சநேரம் கழித்து, அவள் பயந்தது போலவே ஆரம்பித்தார். “இதோட பூவுல இன்னொரு தடவை கமலா வெச்சுப் பாத்தா, அந்தக் கடைசி வாடையும் போயிடும்.”

“எத்தன வருஷம்?”

“ஏழு. எட்டுகூட ஆகலாம்.”

அதற்குள் தான் வேலையிலிருந்து நின்றிருப்போம் என்று அவள் நினைத்தாள். இவருடைய மூட்டு என்ன ஆகியிருக்குமோ. வேண்டாம் என்று சொல்லத் தெம்பிருந்தால் சொல்லியிருப்பாள்.

“படுக்கையறைக்குள்ள தொட்டி வரக்கூடாது” என்றாள்.

“வராது.”

“மாடிப்படிலயும் கூடாது. தம்பி வழுக்கி விழுந்தா யார் பாக்கறது?”

“சரி.”

வசந்தத்தில் நோஞ்சானின் பூவோடு கமலா சேர்ந்தது, அடுத்த இலையுதிர் காலத்தில் புதிய விதைகள் ஊன்றப்பட்டன. அவை கூடத்தில் நின்றன, கூடம் நிறைந்ததும் ஒன்று மட்டும் மாடிப்படிக்கு வந்தது. அவள் கண்டும் காணாமல் விட்டாள்.

அடுத்த வசந்தத்தில் மகள் ஃபோன் செய்தாள். “அம்மா, சித்தப்பா சொன்னார். எனக்கும் ஒரு கன்னு வேணும். இங்கயும் கொல்லை இருக்கு, குளிரும் கொள்ளையா இருக்கு.” அவர் வேருக்கென்று வளர்த்த முள் ஆரஞ்சுக் கன்றுகளில் நோஞ்சானின் இலைமொட்டை ஒட்டுக்கட்டி, மூன்று கன்றுகளில் நன்றாகப் பிடித்த ஒன்றைக் கோடை முடிவில் எடுத்தார். தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. இருவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு வெளியூர் பஸ்ஸில் ஏறினார்கள்.

இத்தனை காலம் ஓட்டியவருக்குப் பயணியாக உட்காரத் தெரியவில்லை. திருப்பங்களில் வலதுகால் தானாகத் தரையை அழுத்தியது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஈரச்சாக்கில் சுற்றிய கன்றை மடியில் வைத்துக்கொண்டாள். ஊர் எல்லை தாண்டுவதற்குள் அவளுக்குக் கண் சொருகியது. பேருந்து குலுங்கும்போதெல்லாம் முள் அவள் கையை உரசியது. அவர் மெதுவாகக் கன்றை எடுத்துத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டார். அவள் தலை சாய்ந்து அவர் தோளில் விழுந்தது. இறங்க வேண்டிய இடம் வரும்வரை அவர் அசையவில்லை, வந்த பிறகும் அவளை எழுப்பக் கொஞ்சம் தயங்கினார்.