முறைத்தண்ணீரை வைத்து ஆடிய ஆட்டம்

காரமடைக்கு மேற்கே இருக்கும் எங்கள் தோட்டத்துக் கிணறு இரண்டு குடும்பங்களுக்குப் பொது. திங்கள் முதல் புதன் வரை பெரியப்பா மகனான அண்ணனின் முறை. வியாழன் முதல் சனி வரை என்னுடைய முறை. ஞாயிற்றுக்கிழமை மோட்டாருக்கு ஓய்வு. அந்த ஓய்வு நாளின் மதிய வேளைகளில்தான் மோட்டார் ரூமை ஒட்டிய வேப்பமர நிழலில் நாங்கள் மூவரும் போக்கர் ஆடுவோம்: அண்ணன், நான், உக்கடத்தில் வாழை மண்டி வைத்திருக்கும் பாய். அண்ணனின் வாழையைப் பல வருடங்களாக வாங்குபவர் அவர். தார் எப்படி இருக்கிறது என்று பார்க்க வருவார், பார்த்து முடித்ததும் சீட்டுக்கு உட்காருவார்.

காசு வைத்து ஆடக் கூடாது என்பது நான் போட்ட நிபந்தனை. சமூகப்பணியில் முதுகலை முடித்து, கோவையில் நீர்நிலைகளுக்காக இயங்கும் ஓர் அமைப்பில் வேலை பார்க்கிறேன். அதற்கு முந்தைய வேலையில், சூதாட்டத்தால் நொடிந்த வீடுகளுக்குள் போய் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். ஆகவே மோட்டார் ரூம் டப்பாவில் கிடந்த இரும்பு வாஷர்களை ஆளுக்கு நாற்பதாகப் பிரித்துக்கொண்டோம். வாஷருக்கு மதிப்பில்லை என்பதால் யாருக்கும் கேடு வராது என்று உண்மையாகவே நம்பினேன்.

ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவனும் நான்தான். கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. ஒவ்வொரு சுற்றிலும் வாஷரைப் போடலாம், அல்லது ‘செக்’ என்று சொல்லிப் போடாமல் விடலாம். அண்ணன் ஒரு நாளும் செக் சொன்னதில்லை. நல்ல சீட்டு வந்தாலும் போடுவார், வராவிட்டாலும் போடுவார். எதிரில் இருப்பவர் பயந்து சீட்டைக் கீழே வைத்தால், அவருடைய முகம் மழை பெய்த மாதிரி குளிர்ந்துவிடும்.

“உங்கண்ணனுக்குச் சீட்டே குடுக்காட்டியும் போடுவாருங்க தம்பி,” என்பார் பாய்.

“பயந்தவனுக்கு எதுக்குங்க பாய் சீட்டு? மண்டியில தராசப் புடிச்சுட்டு உக்காருங்க,” என்பார் அண்ணன்.

இப்படி அடித்து ஆடுகிறவரை அடித்து வெல்ல முடியாது. நாம் பலமாக இருக்கும்போது பலவீனமாகத் தெரிய வேண்டும். நாம் போட்டால் அவர் விலகிவிடுவார். நாம் தயங்கினால், அந்தத் தயக்கத்தைத் தாண்டிப் போக அவரால் முடியாது, கையில் ஒன்றுமில்லாமலே பொய்யாகப் போடுவார். இதை நான் கல்லூரி விடுதியில் கற்றேன். அண்ணனிடம் அதற்குக் கூடுதலாக ஒரு கருவி எனக்கு இருந்தது: எங்கள் பக்கத்து மரியாதை. பெரியவருக்கு வழிவிடும் தம்பியைச் சந்தேகிக்க அவருக்குத் தெரியாது.

சித்திரை மாதத்து ஞாயிறு அது. வாழை முழுதும் தார் தள்ளியிருந்தது. என் கையில் இரண்டு எட்டு. நடுவில் விழுந்த முதல் மூன்று சீட்டில் ஓர் எட்டும் ஒரு ராஜாவும். நான்காவதாக இரண்டாவது ராஜாவும் வந்துவிட்டது. என்னை வெல்லக்கூடிய சீட்டு ஏறக்குறைய இல்லை. பாய் விலகிவிட்டார். நான் என் சீட்டை இன்னொரு முறை தூக்கிப் பார்த்தேன். பெருமூச்சு விட்டேன். “செக்குங்ணா. நீங்களே போடுங்க,” என்றேன்.

அண்ணன் பாதியைத் தள்ளினார். மெதுவாக, மனமில்லாதவன் போல, அதற்கு ஈடு வைத்தேன். கடைசிச் சீட்டு ஒரு ரெண்டு. மறுபடியும் செக் சொல்லிவிட்டு, மிச்சமிருந்த வாஷர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினேன், இழக்கப் பயந்தவனின் விரல்களோடு.

மிச்சத்தையும் தள்ளினார். அதோடு நிற்கவில்லை. “இது பத்தாதுன்னா என்ர ரெண்டு வாரத்து முறைத்தண்ணியும் சேத்தி வெக்கறேன். பாய் சாட்சி. வாரயா, ஓடறயா?”

பாய் சிரித்தார். “ஏனுங்க, தார் தள்ளுன வாழைங்க அது.”

“அவன் வர மாட்டான் பாய். மூஞ்சியப் பாருங்க.”

வேண்டாம் அண்ணா, வாஷரோடு நிறுத்திக்கொள்வோம் என்று சொல்ல எனக்குப் போதுமான நேரம் இருந்தது. சொல்லவில்லை. நான் விரித்த வலையில் அவர் இவ்வளவு துல்லியமாக விழுந்ததில் மயங்கிப்போயிருந்தேன். “வாரனுங்ணா,” என்று சீட்டைத் திருப்பினேன். அண்ணன் கையில் ஒரு பத்தும் ஓர் ஒன்பதும். ஒன்றுமே இல்லை.

திங்கட்கிழமை அவர் மோட்டார் போடவில்லை. செவ்வாயும் போடவில்லை. அலுவலகத்திலிருந்து அழைத்தேன்.

“விளையாட்டுக்குத்தானுங்ணா. தண்ணி கட்டுங்க.”

“பாய் முன்னால சொல்லிப்போட்டேன் தம்பி. வாயில சொன்ன வெலைக்குத்தான் இத்தன வருசமா அவரு எங்கிட்டத் தார் எடுக்கறாரு. ஒரு துண்டுச்சீட்டு கூட எழுதுனதில்ல. இன்னைக்கு ஒண்ணு சொல்லி நாளைக்கு ஒண்ணு மாத்துனா அப்பறம் என்ர பேச்சு எதுக்கு ஆகும்?”

நான் சேர்த்துப் பார்க்காத கணக்கு இதுதான். நான் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னது தண்ணீரை. அவர் காதில் விழுந்தது, அவர் சொல்லுக்கு மதிப்பில்லை என்பது. ஊர் ஊராகப் போய் நீரைப் பகிர்ந்துகொள்வது பற்றி விவசாயிகளிடம் பேசுகிறவன் நான். அந்த வாரமும் ஒரு கூட்டத்தில் பேசினேன். என் குரல் எனக்கே களைப்பாகக் கேட்டது.

பாய்தான் வழி சொன்னார். “ஞாயித்துக்கெழம மறுபடி ஆடி, நீங்க தோத்துப்போடுங்க தம்பி. அவரு செயிச்சு எடுத்துக்கட்டும். கவுரவமும் போவாது, காயும் வாடாது.”

அடுத்த ஞாயிறு, மீதமிருந்த ஒரு வாரத்து முறையை நடுவில் வைத்தேன். என் கையில் ஏழும் ரெண்டும். இதைவிட மோசமான சீட்டு ஆட்டத்தில் கிடையாது. இருந்த வாஷர் அத்தனையையும் தள்ளினேன். அவர் ஈடு வைத்தால் போதும், தண்ணீர் அவருக்குப் போய்விடும்.

அண்ணன் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு சீட்டைக் கவிழ்த்தார். பாய் அவசரமாக எடுத்துப் பார்த்தார்: ஜோடி ராணி.

“ஏனுங்க! இத வெச்சுட்டா உட்டீங்க?”

“போன வாரமும் இவன் மூஞ்சியப் பாத்துத்தான் ஏமாந்தேன் பாய். மரியாத வெச்சுத்தான் என்னை அடிச்சான்.”

“அண்ணா, போன வாரம் நான் வேணும்னேதான் உங்களப் போட வெச்சேன். தப்பு என்னோடது. இப்ப என் கையில ஒண்ணுமில்லீங்க,” என்று ஏழையும் ரெண்டையும் விரித்தேன்.

“இருக்கட்டும் சாமி. செயிச்சவன் நீதான்,” என்று எழுந்து போய்விட்டார். வருடக்கணக்காகக் கையில் ஒன்றுமில்லாமலே அடித்து ஆடியவர், நல்ல சீட்டை வைத்துக்கொண்டும் ஆட முடியாதவராக ஆகியிருந்தார். அவர் தவறு செய்வார் என்று மட்டும் நான் காத்திருக்கவில்லை. அந்தத் தவறைச் செய்ய வைக்க உழைத்தேன். அதில் பாதி என்னுடையது என்று அன்றுதான் உறைத்தது.

புதன்கிழமை காலை அண்ணி அழைத்தார்.

“தம்பி, எலையெல்லாம் சுருண்டுபோச்சுங்க. நாலு மரம் தாரோட சாஞ்சுபோச்சு. அவுரு வரப்புல நின்னு பாத்துட்டு வந்து படுத்துக்கறாரு, சோறு உங்கறதில்ல.”

“நான் சொன்னா கேக்க மாட்டீங்கறாருங்க அண்ணி.”

“அவுருகிட்ட ஏனுங்க கேக்கோணும்? நீங்க செயிச்சதால இன்னைக்கு முறை உங்கோடதுதானுங்களே? உங்க தண்ணிய நீங்க ஆரு காட்டுக்கு உட்டாலும் கேள்வி கேக்கறதில்லைங்கறது இந்தக் கெணத்து வழமைதானுங்க? படிச்சவங்களுக்கு இதுகூடவா தோணல?”

தோன்றவில்லை. பத்து நாட்களாக அவர் மனதை எப்படி மாற்றுவது என்றே யோசித்திருக்கிறேன்.

விடுப்புச் சொல்லிவிட்டுப் போய்ச் சேரும்போது பத்து மணி. மும்முனை மின்சாரம் இரண்டு மணி வரைதான் இருக்கும். மோட்டாரைப் போட்டு, வாய்க்காலை என் தென்னைப் பக்கம் அடைத்து, அவருடைய வாழைப் பக்கம் திறந்தேன். மம்பட்டி பிடித்துப் பழகாத கை. முதல் வரியிலேயே கரை உடைந்து தண்ணீர் வண்டித்தடத்தில் ஓடியது. மண்ணை அள்ளிப் போட்டேன், கரைந்தது. மறுபடியும் போட்டேன்.

வரப்பில் அண்ணன் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

“ஆரு முறைடா இது?”

“என் முறைங்ணா. எனக்கு வேணும்ங்கற பக்கம் உடறேன்.”

அவர் வண்டித்தடத்தில் வீணாகும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி வந்து, என் கையிலிருந்த மம்பட்டியைப் பிடுங்கினார். “இப்பிடித் தண்ணி கட்டுனா ஆத்தையே கொண்டாந்தாலும் பத்தாது. தள்ளி நில்லு.”

இரண்டே வெட்டில் கரையை அடைத்தார். அதன் பிறகு அவர் வரி வரியாகத் திருப்ப, நான் காய்ந்த சருகை வழியிலிருந்து எடுத்துப் போட்டபடி முன்னால் நடந்தேன். சாய்ந்து கிடந்த மரங்களை இருவரும் தாண்டித்தான் போனோம். இரண்டு மணிக்கு மோட்டார் நின்றது. கிழக்கு ஓரத்தில் மூன்று வரி நனையவில்லை.

“நாளைக்கும் என் முறைதானுங்ணா. காலையில வந்து உட்டறேன்,” என்றேன்.

அவர் அந்த வரியில் தொங்கிய காய்களை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். “இந்த மூணு வரி இனி தேறாது. நாளைக்கு மிச்சம் நிக்கற மரத்துக்கு உடு,” என்று சொல்லி, வாய்க்காலில் காலைக் கழுவினார்.