ஐந்தரை மணி வண்டி

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'நிதானம்'. வைத்த வாலு எப்போதோ படித்து முடித்துப் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. பிள்ளைகள் ஏறும்போதும் இறங்கும்போதும் "நிதானம், நிதானம்" என்று அவர் ஓயாமல் சொல்வதுதான் காரணம். பெயருக்கேற்ற மனிதர் என்று யாராவது நினைத்தால் அவர் வீட்டில் போய்க் கேட்க வேண்டும். காலையில் சட்டையில் ஒரு பொத்தான் அறுந்திருந்தால் போதும், தெருவுக்கே கேட்கும். அந்தக் கோபமெல்லாம் வண்டியில் ஏறிச் சாவியைத் திருகியதும் எங்கே போகுமோ தெரியாது. "அந்தச் சாவியைக் கொஞ்சம் வீட்டுலயும் மாட்டி வைங்களேன்" என்பார் மனைவி.

பள்ளிக்கூட வண்டிக்கு வருவதற்கு முன் பத்து வருடம் லாரி ஓட்டினார். மகள் பிறந்த அன்று எங்கோ ஒரு நெடுஞ்சாலை ஓரத்தில் டயர் மாற்றிக்கொண்டிருந்தார். மகளுக்கு மூன்று வயதாகும்போது ஒருமுறை சேர்ந்தாற்போல் நான்கு நாள் வீட்டில் இருந்தார். நான்காம் நாள் சாப்பிடும்போது குழந்தை அம்மாவின் காதருகில் போய், எல்லோருக்கும் கேட்கிறமாதிரி, "இந்த மாமா எப்பம்மா போவாரு?" என்று கேட்டது. அடுத்த வாரமே லாரியை விட்டார். பள்ளிக்கூட வண்டியைப் பிடித்துப் பதினேழு வருடம் ஆகிறது.

ஓட்டுகிறவருக்கு முன்னால் பார்க்கத்தான் கண் என்றாலும், தலைக்கு மேலிருந்த கண்ணாடியில்தான் அவருக்குப் பாதி உலகம் தெரியும். யார் யாரோடு டூ விட்டிருக்கிறார்கள், யார் வீட்டுப்பாடம் எழுதாமல் முழிக்கிறார்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. முதல் நிறுத்தத்தில் ஏறும் பெண், இப்போது பத்தாம் வகுப்பு, ஐந்து வயதிலிருந்து அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து அவர் உயிரை எடுப்பாள். "அண்ணா, ரோட்ட ஒரு நத்தை கிராஸ் பண்ணா எவ்ளோ நேரம் நிப்பீங்க?" என்பாள். "நத்தை கை காட்டினா நிப்பேன்" என்பார் அவர்.

அந்த வருடம் இரண்டாம் பருவம் யாருக்குமே நல்ல பருவமாக அமையவில்லை. போன வருடம் பத்தாம் வகுப்பில் தேர்ச்சி குறைந்துவிட்டது. பக்கத்துப் பள்ளிக்கூடம் தன் பிள்ளைகளின் படங்களைப் பெரிய பலகையில் அடித்து வைத்தது. அதைப் பார்த்து நம் பள்ளியின் தாளாளருக்குத் தூக்கம் போயிற்று. அவருக்குப் போன தூக்கத்தைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடமிருந்து வசூல் செய்துவிட்டார். காலை ஆறரைக்கு ஸ்பெஷல் கிளாஸ், மாலையிலும் ஆறு மணி வரை. முதல் நிறுத்தத்தில் வண்டி ஐந்தரைக்கு நிற்க வேண்டும்.

வண்டியில் சத்தம் நின்றுபோனது. "கத்தாதீங்கடா" என்று பதினேழு வருடம் தொண்டை வறண்ட மனிதருக்கு, ஒருவனாவது ஒருவன் மேல் பையைத் தூக்கி எறிய மாட்டானா என்றிருந்தது. ஒரு மாதத்துக்குள் மூன்று பேர் காலை வணக்கத்தில் மயங்கி விழுந்தார்கள். ஒரு பையன் தினமும் வயிற்று வலி என்று சொல்லிக் கடைசியில் வருவதையே நிறுத்திவிட்டான். பள்ளிக்கூடம் சும்மா இருக்கவில்லை. 'மகிழ்ச்சியாகப் படிப்போம்' என்று ஒரு போஸ்டர் ஒட்டியது. நான்கு மூலையிலும் குண்டூசி நன்றாகக் குத்தியிருந்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது.

இதையெல்லாம் கண்ணாடியில் பார்த்தபடி நிதானம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார். நமக்கு ஸ்டீயரிங்தான் வேலை, பாடம் நடத்துவது படித்தவர்கள் பாடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நத்தைக் கேள்வி கேட்ட பெண் இப்போதெல்லாம் கண்ணைத் திறக்காமலே படியேறி, நேராகக் கடைசி நீள சீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வாள். அதையும் பார்த்தார். பார்த்துவிட்டுக் கியரை மாற்றினார்.

இரண்டாவது டிரிப்பில், பத்து மணிக்கு வகுப்பு தொடங்கும் சின்னப் பிள்ளைகள் வருவார்கள். அதற்கு உதவிக்கு ஓர் அக்கா உண்டு, அவர் ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். முதல் டிரிப்புக்கு அந்த ஏற்பாடு இல்லை. பத்தாம் வகுப்புக்காரர்களுக்கு இறங்கத் தெரியாதா என்ற நினைப்புத்தான். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

அந்த வியாழக்கிழமை சின்ன வகுப்புகளுக்கு விடுமுறை. இரண்டாவது டிரிப் கிடையாது. ஆறு இருபத்தைந்துக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பள்ளிக்குப் பின்னால் இருந்த கொட்டகை நிழலில் வண்டியை நிறுத்தி, கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். வெகுநாள் கழித்து மனைவியோடு உட்கார்ந்து சாப்பிட்டார். வண்டியைக் கழுவலாம் என்று பதினொன்றரைக்குத் திரும்பி வந்து கதவைத் திறந்து உள்ளே போனவர், கடைசி சீட்டிலிருந்து ஒரு ஜோடி கறுப்பு ஷூ நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

கையிலிருந்த வாளி எங்கே விழுந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. ஓடிப்போய்ப் பார்த்தார். ஜன்னல்கள் திறந்திருந்தன, காற்று வந்துகொண்டிருந்தது, பெண் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். தோளைத் தொட்டதும் கண்ணைத் திறந்தாள்.

"ஸ்கூல் வந்துடுச்சாண்ணா?"

"மணி பதினொன்றரைம்மா" என்றார்.

அவள் எழுந்து உட்கார்ந்து வெளியே வெயிலைப் பார்த்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். பயந்துவிட்டாள் என்று நினைத்து அவர் ஏதேதோ சமாதானம் சொன்னார்.

"பயமில்லண்ணா" என்றாள் விசும்பிக்கொண்டே. "இவ்ளோ நேரம் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா? ரொம்ப நல்லா இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லாதீங்க. நான் இப்படியே கிளாசுக்குப் போயிடறேன்."

சொல்லாமல் இருந்திருக்கலாம். பார்த்தவர் யாருமில்லை. அந்தப் பெண்ணும் அதைத்தான் கேட்கிறாள். சொன்னால் வேலை போகும், பள்ளிக்கூட வண்டியில் பிள்ளையை வைத்துப் பூட்டியவனை வேறு எந்தப் பள்ளிக்கூடமும் வாசலில்கூட நிற்க விடாது. ஐம்பத்து நான்கு வயதில் மறுபடி லாரிதான். இது எல்லாம் அவர் மனதில் ஓடாமல் இல்லை. ஆனால் இத்தனை நாள் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தது இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்பதும் தெரிந்தது. "முகத்தைக் கழுவும்மா" என்று சொல்லி, அவளை அழைத்துக்கொண்டு நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனார்.

தலைமையாசிரியை கெட்டவர் அல்ல. காலை ஆறு மணிக்கு வந்து இரவு ஏழு மணிக்குப் போகிறவர், கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் முதலில் பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்தார், பிறகு வகுப்பாசிரியரான கணக்கு சாரை வருகைப் பதிவேட்டோடு வரச் சொன்னார். அதில்தான் வேடிக்கை. ஸ்பெஷல் கிளாஸ் தாளில் அந்தப் பெண் வந்திருந்தாள். ஒன்பது மணிப் பதிவேட்டிலும் வந்திருந்தாள்.

"லீடர் நேத்துப் போட்டதைப் பாத்து அப்படியே போட்டிருப்பா மேடம்" என்றார் கணக்கு சார். "ஒம்பது மணிக்கு நான் அந்தத் தாளைப் பாத்துதான் எழுதுவேன். அப்ப ரெக்கார்டுல பிரச்சினை ஒண்ணும் இல்ல மேடம்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

தாளாளரிடமிருந்து மாலைக்குள் உத்தரவு வந்தது. டிரைவரின் கவனக்குறைவு. விசாரணை வைத்து, பருவம் முடிந்ததும் வேலையிலிருந்து நீக்குவது. இன்றே நீக்கியிருப்பார்கள், நாளைக் காலை ஐந்தரைக்கு வண்டி எடுக்க வேறு ஆள் கிடைக்கவில்லை. ஆக, பிள்ளைகளை ஏற்றிச் செல்லத் தகுதியில்லாத மனிதர் மறுநாளும் பிள்ளைகளை ஏற்றிச் சென்றார். ஸ்பெஷல் கிளாசும் வழக்கம்போல் நடந்தது. ஒரே வித்தியாசம், அவர் இப்போது ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துவிட்டு இறங்கினார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னபோது திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். மனைவி தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "போற வேலை எப்படியும் போகுது. சொல்ல வேண்டியதையாவது சொல்லிட்டுப் போங்க" என்றார்.

சனிக்கிழமை பெற்றோர், ஆசிரியர், ஊழியர் எல்லோரையும் கூட்டி, பருவம் எப்படிப் போகிறது என்று பேச ஏற்பாடாகியிருந்தது. நிதானம் மன்னிப்புக் கடிதம் வாசிக்க வேண்டும். கடிதத்தை அலுவலகமே அடித்துக் கொடுத்தது. மேடையில் ஏறி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் வாசித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். இறங்கவில்லை.

"இதுல இருக்கறது அத்தனையும் நெஜம்" என்றார். "கடைசி சீட்டு வரைக்கும் நான் போய்ப் பாக்கல. பூட்டினது நான்தான். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. ஆனா ஒரு பிள்ளை அஞ்சு மணி நேரம் கிளாஸ்ல இல்ல, அது ஒருத்தருக்கும் தெரியல. ஏன் தெரியல? அங்க உக்காந்திருந்ததுங்களும் கண்ணைத் திறந்துகிட்டுத் தூங்குதுங்க. பாடம் நடத்தறவங்களும் அதே கதிதான்."

முன்வரிசையில் ஒரு தகப்பனார் எழுந்தார். "அதுக்காகப் பிள்ளைங்க படிக்க வேணாமா?"

"படிக்கட்டும் சார். எனக்கும் மக இருக்கா. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். ஒரு நாள் காலையில அஞ்சரைக்கு என் வண்டியில ஏறி வந்து பாருங்க. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

தாளாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைமையாசிரியை, "சரி, உக்காருங்க" என்றார். பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் அம்மா, யாரையும் பார்க்காமல், "நான் முகத்துல தண்ணி அடிச்சுதான் எழுப்பறேன்" என்றார். கூட்டம் டீயும் பிஸ்கட்டுமாக முடிந்தது.

திங்கட்கிழமை யாரும் வரவில்லை. செவ்வாயும் இல்லை. வந்தால்தானே ஆச்சரியம் என்று நினைத்துக்கொண்டார். புதன்கிழமை ஐந்தரைக்கு, இன்னும் இருட்டு விலகாத முதல் நிறுத்தத்தில், அந்தப் பெண்ணுக்கும் அம்மாவுக்கும் பக்கத்தில், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு தலைமையாசிரியை நின்றுகொண்டிருந்தார்.

ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்தார். இரண்டாவது நிறுத்தம் வரை திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தார். ஏறிய பிள்ளைகள் அவரைக் கண்டு வணக்கம் சொல்லவில்லை; யார் இருக்கிறார் என்று அவர்கள் பார்க்கவே இல்லை. மூன்றாவது நிறுத்தத்தில் அவர் நோட்டில் ஏதோ எழுதினார். ஐந்தாவது நிறுத்தத்தில் நோட்டு மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எடுக்க ஆளில்லை. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, தலைமையாசிரியை தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆறு இருபத்தைந்துக்கு வண்டி பள்ளிக்குள் நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டு நிதானம் திரும்பிப் பார்த்தார். முப்பத்தொரு பிள்ளைகளும் ஒரு தலைமையாசிரியையும் அசையவில்லை. தினமும் இந்த இடத்தில்தான் கையைத் தட்டி எழுப்புவார். கையைத் தூக்கியவர் கீழே போட்டுவிட்டார். எல்லா ஜன்னலும் திறந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தார். ஓசைப்படாமல் இறங்கி, கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

ஆறே முக்காலுக்குக் கணக்கு சார் வேகமாக வந்தார். "என்னய்யா, பிள்ளைங்க எங்க? கிளாஸ் காலியா கிடக்கு."

"உள்ள இருக்காங்க சார்."

"எழுப்பு. டெஸ்ட் இருக்கு."

"நான் எழுப்ப மாட்டேன் சார்."

"உனக்கு என்ன ஆச்சு? ஏற்கெனவே வேலை ஊசலாடுது, தெரியும்ல?"

"தெரியும் சார். முன் சீட்டுல மேடமும் தூங்கறாங்க. வேணும்னா அவங்கள நீங்க எழுப்புங்க."

கணக்கு சார் எட்டிப் பார்த்தார். கதவில் கை வைத்தார். எடுத்தார். பிறகு வந்த இரண்டு டீச்சர்களும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் மற்றவரிடம் மெதுவாக, "சத்தம் போடாதீங்க" என்றார். கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். கணக்கு சாருக்கே தலை முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தலைமையாசிரியை இறங்கி வந்தார். ஒரு கன்னத்தில் ஜன்னல் கம்பி பதிந்திருந்தது.

"ஏன் எழுப்பல?"

"மனசு வரல மேடம்."

அவர் திரும்பி வண்டியைப் பார்த்தார். உள்ளே இன்னும் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. அவர் கண் கலங்கியது. அதை அவர் மறைக்கவும் இல்லை. கணக்கு சார் எழுந்து வந்து, "மேடம், இன்னைக்கு விட்டுப்போன டெஸ்டுக்கு நாளைக்கும் ஆறரைக்கே வரச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டார்.

தலைமையாசிரியை அவரை விட்டுவிட்டு டிரைவர் பக்கம் திரும்பினார். "உங்க மேல இருக்கற விசாரணை விசாரணைதான். அதை என்னால நிறுத்த முடியாது."

"நிறுத்த வேணாம் மேடம். தப்பு பண்ணது நான்."

"தாளாளர்கிட்ட நான் பேசிக்கறேன். அவர் ஒத்துக்கலன்னா அவரையும் அஞ்சரைக்கு ஏத்திட்டு வருவோம்." கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "சொல்லுங்க, நாளைக்கு முதல் வண்டிய எத்தனை மணிக்கு எடுக்கலாம்?"

பதினேழு வருடத்தில் அதை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"ஏழரை, மேடம்" என்றார் நிதானம். "அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடிகூட எடுக்க மாட்டேன்."