கொடியில் ஒரு மஞ்சள் பொட்டு

பிள்ளைங்களா, போன வாரம் எங்க வீட்டில் ஒரு குழப்பம். எனக்கு இன்னும் தெளியவில்லை. உங்களிடம் சொன்னாலாவது தெளிகிறதா, பார்ப்போம்.

சுதந்திர தினத்துக்கு முதல் நாள். இப்போதெல்லாம் நம்மைப் போன்றவர்களும் கொடி ஏற்றலாம் என்று விதி வந்துவிட்டது இல்லையா... எங்கள் தெருப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு கம்பம் நட்டார்கள். கயிறு இழுக்கப்போவது யார்? ஏழாவது படிக்கிற என் மகள் செல்வி! கதர்க் கடையில் மிச்சமிருந்த ஒரே கொடியை வாங்கி வந்தோம்.

நாங்கள் பட்டு நெய்கிறவர்கள். தறியிலிருந்து இறங்கும் சேலையோ, கடையில் எடுத்த கர்ச்சீப்போ — முனையில் மஞ்சள் வைக்காமல் விடமாட்டோம். மடித்த கொடியைப் பார்த்ததும் என் மனைவியின் கை தானாகப் போய் ஒரு மஞ்சள் பொட்டு வைத்துவிட்டது. மடிப்பில் மேலே இருந்தது எது? வெள்ளை!

"அய்யோ! என்னம்மா பண்ணிட்ட?"

"புதுத்துணிடி. மஞ்சள் வெக்காம எப்டி?"

"இது துணியா? கொடி! கறை பட்டத ஏத்தக்கூடாதுன்னு டீச்சர் சொல்லிக்கீறாங்க. நான் ஏத்தமாட்டேன், போ!"

"பூ வெச்சுக் கட்டி ஏத்துறாங்களே, அது மட்டும் சரியா? பூவுக்கு ஒரு நியாயம், மஞ்சளுக்கு ஒரு நியாயமா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் எட்டாவதோடு தறியில் உட்கார்ந்தவன். எனக்கு என்ன தெரியும்?

"துவைச்சிடலாம்" என்றேன்.

"கொடி தண்ணியில கிடக்கக் கூடாதுப்பா!"

"அப்புறம் எப்டிம்மா துவைக்கிறது?"

"தெரியல..." செல்விக்கு அழுகை வந்துவிட்டது. "பாழான கொடிய மறைவா, மரியாதையா எரிச்சிடணுமாம்."

"மஞ்சள் வெச்சதுக்குத் தீ வெக்கறதா? நல்லாக்கீதே உங்க சட்டம்!" என்றாள் மனைவி. அவள் குரலும் உடைந்திருந்தது.

நனைத்த துணியில் துளி சோப்பு தொட்டு, அந்த இடத்தை மட்டும் ஒற்றினேன். மஞ்சள் — ரத்தச் சிவப்பு! மஞ்சளில் சோப்பு பட்டால் சிவக்கும் என்று சாயம் தோய்க்கிற ஊர்க்காரனுக்குத் தெரியாதா? தெரியும். அந்த பேஜாரில் எது ஞாபகம் வருகிறது?

மனைவி எலுமிச்சை பிழிந்தாள். திரும்பவும் மஞ்சளானது. இனி வெயில்தான் கதி. வெயிலுக்கு மஞ்சள் நிற்காது.

எங்கே காயவைப்பது? கொடிக்கயிற்றில் என் லுங்கிக்குப் பக்கத்திலா? செல்வி முறைத்தாள். தரையிலும் படக்கூடாது. ஆகவே நானும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றோம். அப்போதும் காவி மேலேதான் இருக்கணுமாம்!

பக்கத்து வீட்டு நயினார் சைக்கிளை நிறுத்தினார். "என்னாங்க, இன்னைக்கே ஏத்திட்டீங்களா?" ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனார். பதில் சல்யூட் வைக்கலாமா, கொடியைப் பிடித்திருக்கிற கையை எடுக்கலாமா... அதுவும் தெரியவில்லை.

சாயங்காலம் லேசான நிழல் மாதிரிதான் மிச்சம். செல்வி அதை மறைக்கவில்லை. தெருப் பிள்ளைகளிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"இங்க கறை கீது, பாத்துக்கோங்க. ஏத்தலாமா, வேணாமா?"

"எங்கக்கா? ஒண்ணியும் காணோமே! ஏத்துக்கா!"

மறுநாள் காலை கயிற்றை இழுத்தாள். கொடி சரசரவென்று மேலே போய் விரிந்தது. என் மனைவி கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கினு இருந்தாள்.

"ஏங்க... தெரியுதா?"

"காத்து கொஞ்சம் நிக்கட்டும், பாத்துச் சொல்றேன்" என்றேன்.

அது எங்கே நின்றது!