முதுகில் மிஞ்சிய கொப்புளம்

என் கணவர் காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி நெய்பவர். சில வருடங்களுக்கு முன் ஒரு கோடையில் அவர் உடம்பெல்லாம் நீர்க்கொப்புளம் கிளம்பியது. கோடையில் கொப்புளம் என்றால் எங்கள் தெருவில் வேறு பேச்சே கிடையாது, அம்மைதான். வாசலில் வேப்பிலை செருகினேன். தாளிப்பை நிறுத்தினேன். ஒரு கொப்புளத்தையும் விடாமல் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் புதிது புதிதாகக் கிளம்பின. வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சிகூட இறங்காமல் போனதும்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

தோல் டாக்டரம்மா பார்த்ததும், "ஏம்மா, எல்லாம் உடைஞ்சு, மேல பூசியும் வெச்சிருக்கீங்க. உடையாத புதுக் கொப்புளம் இருந்தாத்தானே டெஸ்ட் எடுக்க முடியும்?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "மாரியாத்தா வந்த ஒடம்புமா, பூசாம எப்டி வுடறது?" என்றேன்.

டாக்டரம்மா என் கணவரைத் திரும்பி உட்காரச் சொன்னார். அன்று காலை கிளம்புகிற அவசரத்தில் முதுகில் மட்டும் நான் பூசியிருக்கவில்லை. அங்கே ஒரே ஒரு கொப்புளம் உடையாமல் நின்றது. அதைத் திறந்து, அடியில் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.

"அம்மை இல்லமா. தோல்ல இருக்குற செல்லெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பிரியுது. பெம்பிகஸ்னு பேரு. இன்னும் வீட்லயே வெச்சிருந்தா உயிருக்கே ஆபத்து."

பிறகு தோலில் சிறு துண்டு எடுத்தும் உறுதி செய்தார்கள். கணவர் இன்றும் மாத்திரையோடுதான் இருக்கிறார்; ஆனால் தறியில் உட்காருகிறார்.

இப்போதும் வீட்டில் யாருக்காவது கொப்புளம் கண்டால் வேப்பிலை செருகத்தான் செய்கிறேன், வாசலோடு சரி. டாக்டர் பார்க்கும்வரை உடம்பைத் தொடுவதில்லை.