வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்கு ஏற்றிய சுவிட்ச்

கலீம் பாய் சவுதியில், தம்மாமில் இருந்த பதினாறு வருஷமும் அந்த ஊரைத் திட்டிக்கொண்டே இருந்தார். திரும்பி வந்த இந்த இரண்டு வருஷமாகத்தான் அதைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்கிறார்.

அதிலும் அங்கே அவர் வேலை பார்த்த சர்வர் அறையைப் பற்றி. வெளியே தார் உருகும். உள்ளே ஏசி குளிரில், மனைவி ஜீனத் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. கூட வேலை பார்த்தவர் ஸ்ரீரங்கத்து வரதன். எந்தப் பெட்டியைக் கழற்றினாலும், "பெருமாள் பார்த்துப்பார் ஓய்" என்பார். "அவர் மேலேர்ந்து பார்க்கட்டும், நீங்க கீழே கேபிளைப் பாருங்க" என்பார் கலீம். இப்படியே பதினாறு வருஷம் ஒரு கேபிளும் மாறிப் போகவில்லை.

இப்போது பீமநகரில் வீடு. புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் வருஷ ஒப்பந்தம்தான் அவரைத் திருச்சியில் பிடித்து வைத்திருந்தது. அது இந்த மாதத்தோடு முடிகிறது. மேனேஜர் பிச்சைமுத்து, மருங்காபுரிக்காரர், நல்லவர், முன்பே சொல்லிவிட்டார்.

"முதலாளிக்குச் சென்னைக் கம்பெனி மேல கண்ணு பாய். இந்த மாசம் டோக்கன் கம்ப்யூட்டர் ஒரு தடவ நின்னாலும் என் கையில இல்ல."

ஒப்பந்தம் போனால் மறுபடி தம்மாம்தான். வேறு வழியில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை, ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஐந்து நெட்வொர்க் சுவிட்சுகளில் ஒன்று செத்துப்போனது. ஐந்தும் கேபிளால் கைகோத்து ஒரே பெட்டிபோல நடப்பவை. ஒன்று தலைமை, மற்றவை சொன்னதைக் கேட்பவை. செத்தது லேப் பக்கத்துப் பெட்டி. மற்ற நான்கும் ஓடின, டோக்கனும் ஓடியது. கலீம் செத்ததைக் கழற்றி, ஆஸ்பத்திரியின் இன்னொரு கிளையில் சும்மா கிடந்த பெட்டியை அதே இடத்தில் பொருத்தினார். முதலில் கேபிள், கடைசியில்தான் கரண்ட். இதைப் பிச்சைமுத்துவிடம் சொல்லிவிட்டு, வண்டியில் விட்டுவந்த கேபிளை எடுக்கக் கீழே போனார்.

திரும்பி வந்தால் பெட்டிக்கு மல்லிகைச் சரம், சந்தனம், குங்குமம். பெட்டியின் விளக்கெல்லாம் ஜம்மென்று எரிகிறது. பிச்சைமுத்து கற்பூரத் தட்டோடு நிற்கிறார்.

"பத்தரைக்கு ராகு காலம் பாய். பத்தேகாலுக்கே ஆன் பண்ணிட்டேன். இனி நீங்க நிதானமா மாட்டுங்க."

கலீம் கையிலிருந்த கேபிளைக் கீழே வைத்தார். கரண்ட் இல்லாமல் தூங்கும் பெட்டியைச் சேர்த்தால் அது எழுந்ததும், இருக்கிற தலைமைக்குக் கட்டுப்படும். விழித்திருக்கும் பெட்டி அப்படியில்லை. அது அந்தக் கிளையில் முன்பு தலைமையாக இருந்தது. இங்கேயும் நாற்காலி கேட்கும். அது ஜெயித்தால் பழைய நான்கும் அணைந்து மறுபடி எழ வேண்டும். கீழே டோக்கனுக்கு நூறு பேர்.

"அணைக்கணுமே அண்ணே."

"ஐயோ! ஏத்துனத அணைக்கறதா? அதுவும் பத்தரை ஆயிடுச்சே, ராகு காலத்துல?"

"பன்னெண்டு வரைக்கும் காத்திருந்தா லேப் என்னாகறது? அப்புறம் நான் ஜும்மா தொழுகைக்குப் போகணும்."

பிச்சைமுத்து வழியை மறித்து நின்றார். வரதனாக இருந்தால் ஒரே சுலோகத்தில் சமாளித்திருப்பார் என்று கலீமுக்குத் தோன்றியது. தனக்குச் சுலோகம் தெரியாது, ஆஸ்பத்திரி தெரியும்.

"அண்ணே, ராகு காலத்துல இங்க நோயாளி யாரும் தூங்குறதில்லயா?"

"தூங்குவாங்க."

"எழுப்புறதில்லயா?"

"எழுப்பி ஊசியே போடுவோம்."

"அவ்வளவுதான். பெட்டி பொறந்தது நல்ல நேரத்துல. இப்ப சித்த கண்ணசந்து எந்திரிக்கப்போகுது."

பிச்சைமுத்து யோசித்தார். "பூவ எடுக்கக்கூடாது" என்றார்.

பூவை எடுக்கவில்லை. காற்றுத் துளையை மறைக்காமல் சற்றுத் தள்ளி மட்டும் வைத்தார் கலீம். அணைத்தார். இரண்டு பக்கமும் கேபிளைச் சொருகி, திருகை இறுக்கினார். பிஸ்மில்லா சொல்லிக் கரண்டைக் கொடுத்தார். பிச்சைமுத்து கண்ணை மூடிக்கொண்டார். ஏழெட்டு நிமிஷம். கீழே அறுபத்தொன்று, அறுபத்திரண்டு என்று டோக்கன் குரல் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. புதுப்பெட்டி எழுந்து, நாற்காலி கேட்காமல், வரிசையில் நின்றது. லேப்பிலிருந்து போன்: "வந்துருச்சுங்க."

திங்கட்கிழமை ஒப்பந்தம் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்தானது. இனி தம்மாம் போகவே வேண்டியதில்லை. அங்கே இருந்த பதினாறு வருஷமும் அவர் அல்லாவிடம் கேட்ட துஆ அது ஒன்றுதான்.

அன்றிலிருந்து இரண்டு நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்கிறார் ஜீனத். கேட்டால், வெயில் என்கிறாராம், மடியில் அந்தத் தம்மாம் ஸ்வெட்டரோடு.