புள்ளி வைத்த மருந்து

வாய்க்குள் முணுமுணுத்தபடி திரையில் விரலை ஓட்டுகிறார் இர்மெலி கௌத்தோ. கண் ஏமாறும், காது ஏமாறாது என்பது அவர் கட்சி. கிழக்குப் பின்லாந்தின் ஒரு சிற்றூர்ச் சுகாதார நிலையத்துக்கு வரும் மின்னஞ்சல்களில் குப்பையைப் பிரிப்பது அவர் வேலை. பத்தொன்பது வருடமாக.

குப்பை அனுப்புகிறவர்கள் வேடம் போடுவார்கள். 'மலிவு மருந்து' என்று எழுதினால் குப்பையை ஒதுக்கும் வடிகட்டி நிரல் பிடித்துவிடும் என்று ம.ரு.ந்.து என்பார்கள், மருருந்துது என்று எழுத்தை இரட்டிப்பார்கள். இர்மெலி ஒரே வரியில் விதி எழுதுவார்: நடுவில் எந்தக் குறி வந்தாலும், எந்த எழுத்து எத்தனை முறை வந்தாலும், அது மருந்துதான். "சாயம் வெளுத்துச்சா?" என்று திரையைக் கேட்டுவிட்டுக் கறுப்பு ரொட்டியை ஒரு கடி கடிப்பார்.

போன மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை, வடிகட்டி ஒதுக்கியிருந்த குவியலைப் புரட்டும்போது விரல் நின்றது. 'மமருந்,துது தீர்ந்துவிட்டது. நெநெஞ்சு அடைக்கிறது. தௌனோ ரைஹா.' இது விற்கிறவன் எழுத்தல்ல. கை நடுங்குகிறவர் தட்டியது. வெள்ளி மாலை வந்திருக்கிறது. மூன்று நாளாக யார் கண்ணிலும் படவில்லை.

தௌனோவின் எண்ணுக்கு அழைத்தார்; மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நோயாளிப் பட்டியலில் முகவரியைத் தேடி, வீடுகளுக்குப் போகும் செவிலியை அனுப்பினார். ஏரிக்கு அந்தப் பக்கம், வழியெல்லாம் பனி. நாற்பது நிமிடம் இர்மெலி உட்காரவே இல்லை. பக்கத்து மேசை யார்மோ கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிப்போயிற்று.

"எந்த விதியும் எதையாவது தவற விடத்தான் செய்யும், இர்மெலி. உன்மேல என்ன தப்பு?"

"தவற விடல, யார்மோ. நான் பிடிக்கச் சொன்னதத்தான் பிடிச்சுது."

செவிலி அழைத்தாள். கிழவர் சமையலறைத் தரையில் கிடந்தாராம், நாடி மெலிந்திருக்கிறது, ஆனால் இருக்கிறது, ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. இர்மெலி சுவரில் சாய்ந்துகொண்டு "சரி" என்று மட்டும் சொன்னார்.

மாலைக்குள் தௌனோ கண் விழித்துவிட்ட செய்தி வந்தது. இர்மெலி விதியை அழிக்கவில்லை. அழித்தால் விடிவதற்குள் குப்பை மலையாகக் குவியும். நோயாளிகளின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து வருவதை அது தொடாதபடி இன்னொரு வரி சேர்த்தார்.

மேலதிகாரிக்குப் போகவேண்டிய அறிக்கையை யார்மோ நல்லெண்ணத்தில் நிரப்பி வைத்திருந்தார். 'காரணம்: வடிகட்டியின் கோளாறு.' இர்மெலி பேனாவை எடுத்து, அந்த இரண்டு சொல்லையும் அடித்துவிட்டு, அதன்மேல் தன் பெயரை எழுதினார்.