உரிக்காமல் விட்ட உறை

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் கடைக்காரர் ஒட்டிக் கொடுத்த பிளாஸ்டிக் உறை ஆறு வருஷமாக அப்படியே இருக்கிறது. டிவி ரிமோட்டுக்குப் பாலிதீன் சட்டை. ஸ்கூட்டர் சீட்டுக்கு மேலே இன்னொரு சீட். பொருள் என்றைக்கும் புதுசாக இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. அந்தப் புதுசை ஒரு நாளாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் வீட்டுக்காரரின் புலம்பல். சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் இந்தக் கொள்கையை வைத்துத்தான் ஒரு மனிதரின் பிழைப்பில் மண்ணைப் போட்டேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் கரையைக் கடந்த புயல் ஒன்று திண்டுக்கல் வரைக்கும் வந்து, எங்கள் பின்பக்கத்து ஜன்னல் கண்ணாடி மூன்றையும் நொறுக்கிவிட்டுப் போனது. காலனிக்குப் பின்னால் வெறும் பொட்டல், காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. அமெரிக்காவில் இருக்கும் என் மகளின் ஊரில் வருஷா வருஷம் புயல் அடிக்கும். அங்கே ஜன்னலுக்கு வெளியே கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக் பலகையை மாட்டியிருப்பதை அவள் போனில் காட்டினாள். மரப்பலகை அடித்தால் வீடு இருட்டிவிடும், இதில் வெளிச்சமும் வரும். "அங்கயும் பாலிகார்பனேட் ஷீட் கெடைக்கும்மா. அளவெடுத்து வெட்டி மாட்டச் சொல்லு" என்றாள்.

வத்தலக்குண்டு ரோட்டில் அலுமினியப் பட்டறை வைத்திருந்த ஒருவர் வந்தார். சித்தையன்கோட்டைப் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். கையாலேயே திருகிக் கழற்றும்படி நட்டு வைத்து, மூன்று ஜன்னலுக்கும் கச்சிதமாக மாட்டினார். புயல் வரும்போது மாட்டிவிட்டு அப்புறம் கழற்றி வைப்பதுதான் முறையாம். எங்கள் இரண்டு பேருக்கும் முழங்கால் வலி, யார் ஏணியில் ஏறுவது? வருஷம் முழுக்க இருக்கட்டும் என்றேன்.

ஷீட்டின் இரண்டு பக்கமும் மெல்லிய உறை ஒட்டியிருந்தது. அவர் அதை உரிக்கப் போனார். நான் தடுத்தேன்.

"இருக்கட்டும்ப்பா. புதுசு கலையாம இருக்கும்ல. தீபாவளிக்கு உரிச்சுக்கிறேன்."

"இல்லம்மா, இப்பவே உரிச்சிரணும். வெயில்ல கெடந்தா அப்புடியே ஒட்டிக்கிரும்."

"எல்லாம் எங்களுக்குத் தெரியும், விடு."

அவர் விட்டுவிட்டார். மாட்டியதும் உரித்துவிடவும் என்று உறையின் மேலேயே அச்சடித்திருந்தது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்து, படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று ஊருக்கே சொன்னவள் நான். அதைப் படிக்கவில்லை.

பங்குனியும் சித்திரையும் காய்ந்து தீர்த்தன. ஐப்பசியில் புயல் சின்னம் என்று செய்தி வரவும் கைக்கு எட்டிய வரைக்கும் உறையை உரிக்கப் போனேன். நகத்தளவு வந்தது, மிச்சம் பொடிப்பொடியாக ஷீட்டோடு ஒட்டிக்கொண்டது. தெளிவாக இருக்க வேண்டிய ஜன்னல் சொறி பிடித்தது மாதிரி இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் உடனே போட்டோ எடுத்துக் காலனி வாட்ஸப் குழுவில் போட்டேன். பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார், இவரை நம்பி யாரும் வேலை கொடுக்காதீர்கள் என்று எழுதி, பட்டறை எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்தேன். எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் இதே வேலைக்கு அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். இரண்டு பேரும் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் அவர் வந்து வாசல் கேட் பக்கத்தில் நின்றார். அக்கம்பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குரலை உயர்த்தினேன்.

"அன்னைக்கே சொன்னேனேம்மா…" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"என்ன சொன்ன? எங்கிட்ட எதுவும் சொல்லல."

மறந்துபோய் அப்படிச் சொன்னேன் என்று இங்கே எழுதிவிடலாம். எழுதினால் அதுவும் பொய். அவர் வாயைத் திறந்த அந்த நொடியிலேயே எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அத்தனை பேர் பார்க்கும்போது இறங்கி வர மனசு இடம் கொடுக்கவில்லை. அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

"சரிம்மா, நானே சரி பண்ணித் தாரேன்" என்றார்.

இரண்டு நாள் ஏணியில் நின்று, தேங்காயெண்ணெய் தடவி ஊறவிட்டு, நகத்தாலேயே சுரண்டினார். இரண்டாம் நாள் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தார். நான் காபி கொடுத்தேன். முகத்தைப் பார்த்துக் கொடுக்க முடியவில்லை.

அடுத்த வாரமே காற்று வந்துவிட்டது. பக்கத்து வீட்டு முருங்கைக் கிளை ஒடிந்து பறந்து வந்து பின்பக்கத்துச் சமையலறை ஜன்னலில் மோதியது. ஷீட் அதிர்ந்ததே தவிர, ஒரு கீறல் இல்லை. உள்ளே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தோம். வேண்டாமென்று சொன்ன இரண்டு வீட்டிலும் கண்ணாடி போய், மழை கட்டில் வரைக்கும் அடித்திருந்தது. உங்கள் வீட்டு ஷீட் தாங்கியதா என்று குழுவில் கேட்டார்கள்.

உறையை உரிக்க விடாதது நான்தான், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை என்று எழுதினேன். அனுப்பாமல் அதை அழித்துவிட்டு வேறு எழுதி அனுப்பினேன்: "அவர் செய்த தவறை அவரே வந்து சரிசெய்து கொடுத்துவிட்டார். ஷீட் நன்றாக இருக்கிறது. தாராளமாக வேலை கொடுக்கலாம்." உங்களுக்குப் பெரிய மனசு என்று இரண்டு பேர் பதில் போட்டார்கள். அதைப் படித்தபோது கூசியது. ஆனாலும் திருத்தவில்லை.

நான்கு நாள் கழித்து அவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்.

"நீங்க எழுதிப் போட்டதாலதாம்மா ரெண்டு வீட்டு வேலையும் திரும்பி வந்துச்சு. பேரு கெட்டுப் போயிருச்சேன்னு அம்புட்டுக் கவலையா இருந்தேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கேட்டில் அவரையும் என்னையும் தவிர யாருமில்லை. என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"பரவால்லப்பா. இனிமேலாச்சும் பாத்துச் செய்யி."

"சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார். உள்ளே இருந்த என் வீட்டுக்காரருக்கு எல்லாம் கேட்டிருக்கும். அவர் அந்தப் பழத்தைத் தொடவே இல்லை. நான் இரண்டு தின்றேன்.